அளக்காத மழை

மழையை அளப்பது எளிய காரியம். ஐந்து அங்குல வாயுள்ள ஒரு புனல், அதற்கு அடியில் ஒரு பாட்டில், இரண்டையும் மூடிக்கொள்ள ஒரு உருளை. அவ்வளவுதான் கருவி. புனலின் விளிம்பு பித்தளையில் கத்தி போலச் சீவப்பட்டிருக்கும். அதன்மேல் விழும் துளி உள்ளே அல்லது வெளியே என்று பிரிந்தாக வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது. பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட ஒல்லியான கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் மில்லிமீட்டரைப் படித்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், பெய்த தண்ணீர் ஓடாமலும் மண்ணில் இறங்காமலும் தரையிலேயே நின்றிருந்தால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நின்றிருக்கும் என்று பொருள்.

கஷ்டம் நேரத்தில்தான். காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். நமக்கு எட்டரை என்றால் கிரீன்விச்சில் மூன்று. அந்த ஒரே கணத்தில் உலகம் பூராவும் யாராவது ஒருவர் ஒரு வேலிக்குள் குனிந்து அளந்துகொண்டிருக்கிறார். இன்று காலை அளப்பது, நேற்றுக் காலை எட்டரையிலிருந்து பெய்த மழை. ஆகவே சனிக்கிழமை மாலை பெய்தால் அது ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஏறும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் சரளாவுக்கு நடந்ததும் புரிந்துவிடும்.

சரளா பெங்களூர் மர்பி டவுன்காரி. 1997-இல் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரியில் கடைசி வருடத்தில் வானிலையியலை ஒரு பாடமாக எடுக்கலாம். அந்த வருடம் எடுத்தவர்கள் ஆறே பேர். கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் கம்பி வேலி போட்ட சின்ன இடம் இருந்தது. மாணவர்கள் அதைக் கூண்டு என்பார்கள். உள்ளே வெப்பமானிகள் வைத்த வெள்ளை மரப்பெட்டி, கம்பத்தின் மேல் காற்றுத்திசை காட்டி, சிமென்ட் மேடையில் மழைமானி. ஜூனில் தொடங்கி மே முடிய, தினமும் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் முறை வைத்து அளந்து பதிவேட்டில் மையால் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வின் பாதி மதிப்பெண் அந்தப் பதிவேட்டுக்குத்தான். சரளாவின் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளை மற்ற ஐந்து பேரும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அவள் அம்மா அன்னம்மாள் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம பொம்மசந்திராவுல உங்க மாமன் உத்தமன் பொண்ணுக்குச் சடங்கு, தண்ணி ஊத்தறாங்க. ஏழு மணி பஸ்ஸப் புடிக்கணும். அத்தக்காரி நா போவாம சொம்பத் தொட மாட்டாங்க."

"எட்டரைக்கு ரீடிங் இருக்கும்மா. நீங்க போங்க, நா பின்னால வரேன்."

"பின்னால வந்து இன்னா, எச்ச எலையா எடுக்கப் போற? ஒரு நாளு அந்த டப்பாவ நீ பாக்கலன்னா வானம் ஓடியா பூடும்?"

அப்பா சின்னப்பா களியை உருட்டி விழுங்கிவிட்டுச் சிரித்தார். "வுடு அன்னம். அவ பாக்கலன்னா மழைக்கே தெரியாது, எங்க பெய்யறதுன்னு."

சனிக்கிழமை மாலை ஐந்தரை அளவை எடுத்து முடித்ததும் சரளா ஞாயிற்றுக்கிழமை வரிசையையும் சேர்த்து எழுதினாள். இதற்கு மாணவர்களிடையே 'குக்' பண்ணுவது என்று பெயர். அதைத் திறமையாகச் செய்ய வானிலை தெரிந்திருக்க வேண்டும். நேற்றைய எண்களையே திரும்ப எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். வெப்பத்தை 0.4 குறைத்தாள். ஈர வெப்பமானிக்கு அதற்குப் பொருத்தமாக 0.2. மேகம் எட்டில் ஒரு பங்கு. காற்று கிழக்கு, மெல்ல. மழைக் கட்டத்தில் நாற்பத்து மூன்று நாட்களாக 0.0. நாற்பத்து நான்காவதையும் போட்டு, கீழே சரளா சின்னப்பா என்பதைச் சுருக்கி எஸ்.சி. என்று கையெழுத்து வைத்தாள். ஞாயிறு மாலைக்கும் ஒன்றை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

ஆறே முக்காலுக்கு மழை வந்தது.

பெங்களூரின் ஏப்ரல் மழை இப்படித்தான் வரும். பகல் முழுக்கத் தரை காயும். சூடான காற்று மேலே ஏறும். போதுமான ஈரம் கலந்திருந்தால் ஒரே மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழுந்து நிற்கும். உயரம் பெரிதே தவிர அகலம் கிடையாது. அல்சூரில் ஆலங்கட்டி விழும்போது மல்லேஸ்வரத்தில் துணி காயும். அன்றைக்கு நகரத்தின் பெரிய வானிலை நிலையத்தில் பதிவானது 2.6 மில்லிமீட்டர்.

வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் சரளா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வந்த நினைப்பு பதிவேட்டைப் பற்றியது. பூஜ்யம் எழுதிவிட்டோமே, திங்கட்கிழமை என்ன செய்வது. அந்த யோசனையில் முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு பக்கத்து வீட்டு ராதா நனைந்தபடி ஓடிவந்து வாசலில் நின்று தெருக்கோடியைக் கையால் காட்டினாள்.

தெருக்கோடியில் பொதுக் குழாய். அதற்கு எதிரே நாகேஷ் என்பவர் புதிதாக வாங்கிய மூலை மனை. மனை பள்ளம். அதை மெயின் ரோடு மட்டத்துக்கு உயர்த்த லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, மண் தெருவில் சரியாமல் இருக்க நாற்பது அடி நீளத்துக்கு, சதுரமாக உடைத்த சைஸ் கல்லில் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஏழு அடி உயரம். பிப்ரவரியில் அதைக் கட்டியவர் சின்னப்பா மேஸ்திரி.

அன்று மழை கிழக்கிலிருந்து சாய்வாக அடித்தது. சுவரின் மேற்குப் பக்கத்தில், தெருவை ஒட்டி, ஒரு முழம் அகலத்துக்கு நனையாத இடம் இருந்தது. குழாயடியில் நின்ற நான்கு பெண்களையும் அன்னம்மாள்தான் கூப்பிட்டாளாம். "இப்டி ஒட்டி நில்லுங்க. எங்க வூட்டுக்காரரு கட்டுன செவுருதான்." ஆலங்கட்டி நின்றதும் மற்றவர்கள் குடங்களை வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு ஓடிவிட்டார்கள். வரிசை போய்விடும் என்று அவள் மட்டும் நின்றாள். சுவர் விழுந்தபோதும் அங்கேதான் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம். வானம் வெளுத்து வெயில் அடித்தது. சரளாவின் துறை ஆசிரியை டோரீன் மிஸ் கறுப்புக் குடையோடு வந்து ஓரமாக நின்றார். குழிக்குப் பக்கத்தில் குவித்திருந்த மண் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்ததைச் சரளா பார்த்தாள். ஒரு ஜாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்று எண்ணினாள். அழுகை வரவில்லை. காற்று கிழக்கு, மெல்ல. மேகம் எட்டில் ஒரு பங்கு. அவள் முன்தினமே எழுதிவைத்தபடி எல்லாம் இருந்தது.

*

பத்து நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ராதா வீட்டிலிருந்து காலையில் இட்லி, மத்தியானம் களியும் கீரைக் கடையலும் வந்தன. அம்பேத்கர் படத்துக்குக் கீழே அன்னம்மாளின் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். சின்னப்பா அதற்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கொத்து வேலைக் கரணையும் ரசமட்டமும் சாக்குப் பையில் அப்படியே கிடந்தன. சோறு வைத்தால் சாப்பிட்டார், தண்ணீர் கொடுத்தால் குடித்தார்.

பொம்மசந்திராவில் பம்பு பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்யும் உத்தமன், அன்னம்மாளின் தம்பி, தினமும் ஷிப்டு முடிந்து இரண்டு பஸ் மாறி வந்தார். வீட்டில் பேசியது அவர் ஒருவர்தான்.

"மாமா, இப்டியே குந்திக்கினு இருந்தா ஆவாது. ஸ்டேசன்ல இன்னா எழுதி வச்சிக்கிறாங்க தெரியுமா? கவனக்கொறவு, மேஸ்திரி மேல கேஸு. சிமென்ட்டத் திருடிட்டான், வெறும் மணல்ல கட்டிட்டான்னு அந்த நாகேஷு சொல்லிட்டான். நீ இன்னா, திருடுனியா?"

சின்னப்பா இல்லை என்று தலையசைத்தார்.

"வாயத் தொறந்து சொல்லு மாமா. மணலு நாலுக்கு சிமென்ட்டு ஒண்ணு போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"அப்பறம் ஏன் வுழுந்துச்சு?"

உத்தமன் சரளா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. நீதான் மழையப் படிக்கிற. அன்னைக்குப் பேஞ்சதுக்கு எந்தச் செவுரு நிக்கும்? எங்க பொம்மசந்திராவுல ஒரு பொட்டு இல்ல. இங்க வந்து பாத்தா டிச்சுத் தண்ணி ரோட்டுமேல ஓடுது. கார்ப்பரேசன் இஞ்சினியரு ரிப்போர்ட் எழுதப்போறாராம். அந்தாளு இன்னா சொல்றாருன்னா, அன்னைக்கு மூணு மில்லிமீட்டர்தானாம், பெரிய ஆபீஸ்ல. ஊரே நனஞ்சுது, பேப்பரு மட்டும் நனையல! மழ கம்மின்னா தப்பு மேஸ்திரிதாம்பாரு. பக்கத்துல வேற எங்கனா அளக்கறாங்களான்னு பாக்கறேன்னாரு. உங்க காலேஜுல அளக்கறீங்கன்னு நாந்தான் சொன்னேன்."

சரளா இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பிட்ட துண்டைத் தட்டிலேயே வைத்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல மாமா."

கல் சுவர் ஏன் விழும் என்பது வானிலையைவிடச் சுலபமான விஷயம். காய்ந்த மண் தன் கனத்தில் ஒரு பங்கைத்தான் சுவர்மேல் சாய்க்கும். தண்ணீர் குடித்த மண்ணில், தண்ணீர் தனியாகவும் மண் தனியாகவும் தள்ளும். அடியில் போகப் போகத் தள்ளல் கூடும். அதனால் மண்ணைத் தாங்கும் சுவர்களில் அடிப்பக்கம் சிறு பைப்புத் துண்டுகளை வைத்துக் கட்டுவார்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் அது வழியே தெருவுக்கு வடிந்துவிடும். சுவருக்குப் பின்னால் தண்ணீரை நிற்க விடாதவரை சுவர் நிற்கும். சரளா விழுந்து கிடந்த கற்களைப் பார்த்திருந்தாள். அவற்றினிடையே அவள் கண்ணில் பைப்பு ஒன்றும் படவில்லை.

*

பதினொன்றாம் நாள் கல்லூரிக்குப் போனாள். காலை எட்டரை அளவை அன்றைக்கு உடன் படிக்கும் வீணாவின் முறை. கூண்டுக்குள் மரப்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீணா, "இருபத்தி நாலு புள்ளி ஆறு" என்றாள். சரளா எழுதினாள். பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

ஞாயிறு: 0.0, எஸ்.சி. திங்கள்: 71.2, வீணாவின் கையெழுத்து.

"மூணு தடவ ஊத்தி அளந்தேன்" என்றாள் வீணா. மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். "பாட்டில் கழுத்து வரைக்கும் தண்ணி. எனக்கு ஒரே ஆச்சரியம். எங்க சைடுல மழையே இல்ல. உங்க அம்மா விஷயம் எனக்கு மத்தியானம்தான் தெரிஞ்சது சரளா."

"ஞாயித்துக்கெழம மழையே பெய்யல வீணா. நா வெளியிலதான் இருந்தேன்."

வீணா பக்கத்தைப் பார்த்தாள். எண்கள் படி, சனிக்கிழமை மாலை ஒரு துளி விழவில்லை. சுவர் மழையே இல்லாமல் விழுந்து, அதற்கு மறுநாள்தான் மழை கொட்டியிருக்கிறது.

"கடவுளே, நீ குக் பண்ணிட்டியா?"

"சனிக்கெழம சாயங்காலமே."

"எல்லாரும் பண்றதுதானே. நான் தீபாவளிக்கு மூணு நாள் பண்ணேன்." வீணா குரலைத் தணித்தாள். "ஒண்ணு செய்யலாம். இந்த ரெண்டையும் மாத்தி எழுதிடலாம். ஞாயிறுக்கு எழுபத்தொண்ணு, திங்களுக்குச் சைபர். பக்கத்தையே கிழிச்சிட்டு நான் புதுசா எழுதறேன். பொய்யும் இல்லையே, அதுதான் நடந்தது."

"நடந்துச்சு. நாம அளக்கல."

"அதனால என்ன?"

சரளா பேனாவை மூடினாள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

டோரீன் மிஸ் மேசையில் கார்ப்பரேஷன் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். கன்டோன்மென்ட் ஆங்கிலோ இந்தியர்கள் பேசும் தமிழ் அவருடையது.

"வா சைல்ட், உக்காரு. டீ குடிச்சியா? இந்த லெட்டர் உங்க கேஸ்தான். சனிக்கெழம எட்டரையிலேர்ந்து ஞாயிறு எட்டரை வரை எவ்ளோ மழைன்னு கேக்கறான். ரெஜிஸ்டரக் குடு, காப்பி எழுதி அனுப்பிர்றேன்."

பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"சண்டே மார்னிங். எஸ்.சி." அவர் விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றது. "சண்டே எட்டரைக்கு நீ எங்க இருந்தே சரளா?"

"வீட்ல மிஸ். அம்மாவக் குளிப்பாட்டிட்டு இருந்தாங்க."

"அப்போ இது யார் எழுதனது?"

"நாந்தான் மிஸ். சனிக்கெழமையே எழுதிட்டேன்."

டோரீன் மிஸ் பழைய பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார்.

"இது மட்டும்தானா?"

"இல்ல மிஸ். ஜூன்லேர்ந்து இன்னும் பதினோரு ஞாயிறு."

"ஏன்மா சொல்றே? நான் ஒண்ணுதானே கேட்டேன்."

"நீங்க மத்ததயும் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

டோரீன் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இதக் கேளு. வானத்த யாரும் ரெண்டாவது தடவ அளக்க முடியாது. லேப்ல தப்பு பண்ணா திரும்பப் பண்ணலாம். இங்க ஒரு எட்டரை போனா போனதுதான். அதனாலதான் தெரியலன்னா ஒரு கோடு போடுன்னு மொத நாளே சொன்னேன். கோடு போட்டா மார்க் போகாது. பூஜ்யம் போட்டா, அது பாத்ததா ஆயிடுது."

"தெரியும் மிஸ்."

"நான் இப்போ சரியா எழுதிக் குடுத்தா என்னா ஆகும்னும் தெரியுமா? உன் ரெக்கார்ட் கேன்சல். செய்முறையில நீ ஃபெயில். அடுத்த ஜூன்லேர்ந்து திரும்ப ஒரு வருஷம். நான் கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கு அனுப்பணும். உனக்காக என்னால அத மறைக்க முடியாது."

"அப்பா மேல கேஸு இருக்கு மிஸ்."

"ஐ நோ."

அவர் சிவப்பு மையைத் திறந்தார். தவறை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு மட்டும் இழுக்க வேண்டும், அடியில் இருக்கும் எண் தெரிய வேண்டும் என்பது விதி. ஞாயிறு வரிசையின்மேல் கோடு இழுத்து, 'பார்க்கப்படவில்லை' என்று எழுதினார். திங்கள் 71.2-க்குப் பக்கத்தில், 'நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குச் சேர்த்து' என்று எழுதினார். பிறகு ஜூனுக்குப் போனார். ஒவ்வொரு ஞாயிறாக நின்று, நிமிர்ந்து பார்ப்பார். சரளா ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையசைப்பாள். பன்னிரண்டாவது கோடு இழுத்து முடித்தபோது அவர் மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சரளாவுக்குப் பசித்தது. இத்தனை நாளில் முதல் முறையாகப் பசித்தது.

*

இஞ்சினியர் வரச்சொன்ன நாளில் மூன்று பேரும் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்குப் போனார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. சின்னப்பா நடுவில் உட்கார்ந்தார். சரளாவின் மடியில், கல்லூரி முத்திரை போட்ட சான்றிதழ் இருந்த உறை. உத்தமன் உட்காரவில்லை.

"கேட்டுக்கோ மாமா. கேட்டா மட்டும் பதில் சொல்லு. மழ எழுபது மில்லிமீட்டர்னு பேப்பர் கீது, காலேஜ் சீலு கீது. அது போதும். இயற்கைன்னு எழுதிடுவாங்க. செவுத்துல ஓட்ட கீட்டன்னு நீயா வாயக் குடுக்காத. நா போயி டோக்கன் கேட்டுட்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் சின்னப்பா கேட்டார்:

"பாப்பா, எழுபது மில்லிமீட்டர்னா எவ்ளோ தண்ணி?"

அடக்கத்துக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"தரையில நின்னா இவ்ளோ ஒயரம் நைனா." அவள் நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். ஆனா அந்த எடம் முழுக்க. செவுத்துக்குப் பின்னால மண்ணு எவ்ளோ அகலம்?"

"இருவது அடி."

அவள் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டாள். நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம். அடியை மீட்டராக்கிப் பெருக்கினாள். "ஐயாயிரத்து முன்னூறு லிட்டர்."

"புரியற மாதிரி சொல்லு."

"நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி டேங்கர் இல்ல, சின்னது? கிட்டத்தட்ட அது ஒண்ணு."

சின்னப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரின் பூச்சில் விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தது.

"ஒரு டேங்கர மண்ணுல கவுத்துட்டு, வெளிய வர வழி இல்லாம அடச்சுக் கட்டிக்கிறேன்."

"நைனா..."

"அந்த நாகேஷு சொன்னாரு. ஓட்ட வச்சா செவப்புத் தண்ணி வடிஞ்சு செவுரு அசிங்கமாப் பூடும், வேணாம் மேஸ்திரின்னாரு. எனக்குத் தெரியும் வைக்கணும்னு. முப்பது வருசமா வச்சிக்கினுதான் இருந்தேன். ஏதோ, ஏப்ரல் மாசம் வரைக்கும் மழ இல்லையே, அப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. நெசத்தச் சொல்லு. வச்சிருந்தா நின்னிருக்குமா? இல்ல, அவ்ளோ மழைக்கு எது வச்சாலும் வுழுந்துதான் இருக்குமா?"

சரளா அவர் முகத்தைப் பார்த்தாள். எது வைத்திருந்தாலும் விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சரிபார்க்க வீட்டில் யாரும் இல்லை. நேற்றைய எண்ணில் 0.4 குறைத்து எழுதுவது போலத்தான் அதுவும். பேனா கையிலேயே இருந்தது.

"ஆறு அடிக்கு ஒண்ணு வைப்பாங்களா?"

"ஆமா."

"அப்போ ஏழு. ஏழு பைப்பு போதும் நைனா. பேயப் பேயவே பாதித் தண்ணி வடிஞ்சிருக்கும். நின்னிருக்கும்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கூலி ஆள் எத்தனை கல் வேண்டும் என்று கேட்டு, எண்ணிக்கையைச் சொன்னால் ஆட்டுவது போல.

"ஏழு" என்றார்.

உத்தமன் கதவிலிருந்து கையசைத்தார்.

இஞ்சினியர் நடுவயதுக்காரர். "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று நாற்காலிகளைக் காட்டினார். சான்றிதழை இரண்டு முறை படித்தார். பிறகு கன்னடம் கலந்த தமிழில் சரளாவைக் கேட்டார்.

"இதுல ரெண்டு நாள் சேத்து எழுதியிருக்கு. ஞாயிறு யாரும் பாக்கலியா?"

"இல்ல சார். பாக்க வேண்டியது நான். பாக்காமலே பூஜ்யம் எழுதிட்டேன். அதத்தான் அடிச்சிருக்காங்க."

"ஓஹோ." அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "ஞாயிறு மழ இல்லன்னு ஊருக்கே தெரியும், பரவால்ல. எழுபது அந்த்ரே தும்பா ஜாஸ்தி ஆய்த்து. பெரிய மழதான்." ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே சின்னப்பாவிடம் கேட்டார். "மேஸ்திரி, கலவை?"

"நாலுக்கு ஒண்ணு சார்."

"ஆமா, நான் கல்லைப் பாத்தேன். கலவை கெட்டி. சிமென்ட் திருடுனீங்கன்னு ஓனர் சொல்றது சரியில்ல." இன்னும் ஒரு வரி எழுதினார். உத்தமன் சரளாவின் தோளைப் பெருமூச்சோடு தொட்டார். இஞ்சினியர் தாளைத் திருப்பினார். "பின்னால மண்ணு நெரப்புன செவுருக்குத் தண்ணி போற வழி வைக்கணும். வச்சீங்களா? விழுந்த கல்லெல்லாம் ஒடஞ்சு கெடக்கு, பாத்துச் சொல்ல முடியல."

"அது வந்து சார்..." என்று உத்தமன் தொடங்கினார்.

"வைக்கல சார்" என்றார் சின்னப்பா. "ஏழு வச்சிருந்தா நின்னிருக்கும்."

பேனா நின்றது.

"யார் வேண்டாம்னது?"

"ஓனரு சொன்னாரு. நா ஒத்துக்கினேன்."

"ரெண்டையும் எழுதட்டுமா? எழுதினா ரெண்டு பேர் மேலயும் கேஸ் போகும்."

"எழுதுங்க சார்."

இஞ்சினியர் எழுதி, கன்னடத்தில் வாசித்துக் காட்டினார். மழை எழுபத்தொன்று புள்ளி இரண்டு. கலவை சரி. நீர் வடியும் வழி இல்லை. உரிமையாளர் சொல்லி, மேஸ்திரி ஒப்புக்கொண்டு விடப்பட்டது. சின்னப்பா கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்து படியிறங்கும்வரை பொறுத்திருந்த உத்தமன் கத்திவிட்டார்.

"உனக்கு மூள கீள கீதா மாமா? எங்கக்கா போனது பத்தலியா? இந்தப் புள்ள ஒரு வருசத்தத் தொலச்சிட்டு அந்தப் பேப்பர வாங்கியாந்துச்சு. நீ ஒரே நிமிசத்துல தூக்கிக் கடாசிட்டியே! பேசாம இருன்னு சொன்னேன்ல?"

"அவ நெசத்தச் சொல்லித்தான அந்தப் பேப்பரு வந்துச்சு உத்தமா. அத வச்சிக்கினு நா போயி எப்டிப் பொய் சொல்றது?"

"பொய் யாரு சொல்லச் சொன்னா? சும்மா இருன்னேன்."

"சும்மா இருந்துதான் செவுரு கட்டுனேன்."

உத்தமன் வாயைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லி எதிர்ப்பக்கம் போனார். ரோட்டைக் கடக்கும்போது அவர் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வெயில் தார் ரோட்டில் அலையடித்தது.

"உள்ள வைப்பாங்களா பாப்பா?"

"தெரியல நைனா. கோர்ட்டுக்குப் போவும். ஒரு வருசம் கெடைக்கலாம்னு மாமாவோட வக்கீல் சொன்னாரு."

"உனக்கும் ஒரு வருசமா?"

"ஆமா. ஜூன்லேர்ந்து மொதல்லேர்ந்து."

சின்னப்பா நெற்றிமேல் கைவைத்து, வரும் பஸ்ஸின் எண்ணைப் படிக்க முயன்று, தங்கள் பஸ் இல்லை என்று தெரிந்ததும் கையை இறக்கினார்.

"சரி" என்றார். "ரெண்டு பேரும் ஒண்ணா முடிச்சிட்டு வந்துரலாம்."